மூச்சுக்குழாயின் வெட்டுமுனை

நுரையீரலையோ அதன் ஒரு மடலையோ வெட்டி எடுக்கும்போது, அதற்குக் காற்றைக் கொண்டுசென்ற மூச்சுக்குழாயும் அறுபடுகிறது. அறுத்த முனையைச் சத்திரசிகிச்சை நிபுணர் தைத்து மூடுவார். அந்த மூடல் ஆறாமல் விட்டுப்போனாலும், ஆறியது போலத் தோன்றிப் பின்னர் அரித்துத் திறந்துகொண்டாலும், காற்றுப் பாதைக்கும் நுரையீரல் இருந்த வெற்றிடத்துக்கும் நடுவே ஒரு வழி உண்டாகிவிடும். இதுவே மூச்சுக்குழாய்ப் புரைவழி. திறப்பின் அகலம் சில வேளைகளில் இரண்டு மூன்று மில்லிமீற்றரைத் தாண்டுவதில்லை. ஆனாலும் நெஞ்சறைச் சத்திரசிகிச்சையின் பின்விளைவுகளில் வைத்தியர்கள் மிகவும் அஞ்சுவது இதற்குத்தான்.

அச்சத்துக்குக் காரணம், அந்தச் சிறு வழியில் இரு திசையிலும் போக்குவரத்து நடப்பது. வாயிலும் தொண்டையிலும் குடியிருக்கும் கிருமிகள் காற்றோடு வெற்றிடத்துக்குள் இறங்குகின்றன. அங்கே தேங்கியிருக்கும் நீர் சீழாக மாறுகிறது. மறுபுறம், அந்த நீரும் சீழும் மூச்சுக்குழாய்க்குள் ஏறி, நோயாளிக்கு எஞ்சியிருக்கும் நல்ல நுரையீரலுக்குள் வழிகின்றன. ஒரே நுரையீரலோடு வாழ்பவருக்கு அந்த ஒன்றும் நனைந்துபோனால் சில மணித்தியாலங்களில் உயிர் போகலாம்.

நுரையீரல் முழுவதையும் எடுத்த பக்கம் எப்போதும் வெறுமையாகவே நின்றுவிடாது. முதலில் அங்கே காற்று இருக்கும். பிறகு உடம்பே நீரைச் சுரந்து நிரப்பத் தொடங்கும். இரண்டு வாரத்துக்குள் பாதிக்கு மேல் நிரம்பிவிடும். முழுதும் நிரம்பப் பல வாரங்களோ சில மாதங்களோ ஆகும். கீழேயிருந்து பிரிமென்றகடு உயர்கிறது, விலா எலும்புகள் நெருங்குகின்றன, இதயம் அந்தப் பக்கம் சற்று நகர்கிறது. இந்த ஒழுங்கு குலையாமல் நடந்தால் நோயாளி ஒரு நுரையீரலோடு பல ஆண்டுகள் வாழலாம். மடல் ஒன்றை மட்டும் எடுத்தவர்களுக்கு நிலைமை இன்னும் நல்லது. அவர்களிடம் மிச்சமுள்ள நுரையீரல் விரிந்து இடத்தை அடைத்துக்கொள்ளும். அதனால்தான் மடலை எடுத்தவர்களில் புரைவழி நூற்றுக்கு ஒருவர் அளவிலேயே காணப்படுகிறது. நுரையீரல் முழுவதையும் இழந்தவர்களிடம் அது ஆய்வுக்கு ஆய்வு மாறுபட்டு, நூற்றுக்கு நால்வர் முதல் இருபது பேர் வரை பதிவாகியிருக்கிறது.

மாத்தளை மாவட்டத்தின் இரத்தோட்டை போன்ற ஊரில் இந்த அபாயம் வேறு ஒரு கணக்கையும் சேர்த்துக்கொள்கிறது. நக்கிள்ஸ் மலைத்தொடரின் மேற்கு அடிவாரத்தில், தேயிலையும் இறப்பரும் ஏலமும் மிளகும் விளையும் தோட்டங்களுக்கு நடுவே இருக்கிறது இந்த ஊர். கம்மடுவைப் பக்கத்துத் தோட்டங்களில் இருந்து வரும் ஒருவருக்கு நெஞ்சறைச் சத்திரசிகிச்சை தேவைப்பட்டால் கண்டி தேசிய வைத்தியசாலைக்கோ, கம்பஹா மாவட்டத்து வெலிசறையில் இருக்கும் சுவாச நோய்களுக்கான தேசிய வைத்தியசாலைக்கோ போக வேண்டும். சத்திரசிகிச்சை அங்கே நடக்கிறது. புரைவழியோ பெரும்பாலும் தையல் போட்டு ஒன்றிரண்டு வாரம் கழித்தே திறக்கிறது. சிலருக்கு மாதங்கள் கழித்தும் திறக்கும். அந்த வேளையில் நோயாளி வைத்தியசாலைக் கட்டிலில் இருக்கமாட்டார், லயன் அறையில் இருப்பார். முதல் அடையாளத்தைப் பார்ப்பவர் வைத்தியர் அல்ல. மனைவி, மகன், பக்கத்து வீட்டுக்காரர்.

இங்கே நுரையீரலை வெட்டி எடுக்க வேண்டிய நிலை இப்போது மூன்று நோய்களில் அதிகம் வருகிறது: புற்றுநோய், திரும்பத் திரும்பச் சீழ்ச்சளி கட்டும் மூச்சுக்குழாய் விரிவு நோய், காசநோய் தின்றுவிட்டுப் போன நுரையீரல். இலங்கையில் கோவிட் காலத்துக்கு முந்தைய ஆண்டுகளில் வருடந்தோறும் 8,000 முதல் 9,000 வரையான புதிய காசநோயாளர்கள் பதிவாகி வந்தார்கள். அவர்களில் மிகப் பெரும்பாலோர் மாத்திரைகளாலேயே குணமாகிறார்கள். நோயைப் பிந்திக் கண்டுபிடித்தவர்களிடமும், மருந்தை இடையில் நிறுத்தியவர்களிடமும் மட்டுமே குகையாகிப்போன நுரையீரல் மிஞ்சுகிறது. அதற்குள் பூஞ்சை வளர்ந்து இரத்தம் கக்கும் நிலை வந்தால் கத்தியைத் தவிர வேறு வழி குறைவு.

முக்கால் நூற்றாண்டுக்கு முன்னர் நிலைமை நேர்மாறாக இருந்தது. காசநோய்க்குச் சத்திரசிகிச்சையே பெரும் நம்பிக்கையாக விளங்கிய காலம் ஒன்று உண்டு. சென்னைக்குத் தெற்கே தாம்பரத்தில் 1928இல் டேவிட் சௌரி முத்து தொடங்கிய சானட்டோரியம் போன்ற இடங்களில் நோயாளிகள் மாதக்கணக்கில் படுத்திருந்தார்கள். வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் அமெரிக்கரான ரீவ் பெட்ஸ் 1949இல் நெஞ்சறைச் சத்திரசிகிச்சைத் துறையைத் தொடங்கினார். இந்தியாவில் அத்தகைய துறைகளில் அது முன்னோடி. அங்கு வந்தவர்களில் காசநோயாளிகள் நிறையப் பேர். பிறகு 1956இல் சென்னையில் அமைந்த காசநோய் வேதிச் சிகிச்சை மையம் 1959இல் ஓர் ஆய்வு முடிவை வெளியிட்டது. வீட்டிலிருந்து மருந்து உட்கொண்டவர்கள், சானட்டோரியத்தில் படுத்து அதே மருந்தை உட்கொண்டவர்களுக்குச் சமமாகக் குணமடைந்தார்கள். அந்த முடிவு உலகெங்கும் சானட்டோரியங்களை மூடவைத்தது. நுரையீரலை வெட்டும் தேவையும் அதோடு சுருங்கியது. புரைவழிக்கான சிகிச்சைகளில் பல, அந்தப் பழைய காலத்துக் காசநோய்ச் சத்திரசிகிச்சையிலிருந்தே பிறந்தவை.

முழு நுரையீரலை எடுத்து நோயாளி பிழைத்த முதல் சிகிச்சையை 1931இல் பெர்லினில் ருடோல்ஃப் நிசன் செய்தார்; நோயாளி மூச்சுக்குழாய் விரிவு நோயுள்ள பன்னிரண்டு வயதுச் சிறுமி. 1933 ஏப்ரல் 5ஆம் நாள் அமெரிக்காவின் சென் லூயிஸ் நகரில் எவார்ட்ஸ் கிரஹாம், ஜேம்ஸ் கில்மோர் என்ற மகப்பேற்று வைத்தியரின் புற்றுநோயுற்ற இடது நுரையீரலை ஒரே அமர்வில் அகற்றினார். கில்மோர் முப்பது ஆண்டுகள் வாழ்ந்தார். அவருடைய வெற்றிடத்தில் சீழ் பிடித்தது. அதைச் சுருக்க மேலும் விலா எலும்புகளை எடுக்க வேண்டியிருந்தது. அக்காலத்தில் நுரையீரலின் வேரிலுள்ள நாளங்களையும் மூச்சுக்குழாயையும் ஒரே கட்டாகச் சேர்த்து முடிச்சுப் போட்டார்கள். இறந்த திசு அந்த முடிச்சுக்கு வெளியே அழுகும், முனை திறக்கும். அதே 1933இல் ஜோன்ஸ் ஹொப்கின்ஸின் வில்லியம் ரீன்ஹோஃப் நாளங்களைத் தனியே, மூச்சுக்குழாயைத் தனியே என்று பிரித்துக் கட்டும் முறையைக் கையாண்டார். 1942இல் அவரும் உடன் உழைத்தவர்களும் வெட்டுமுனை எப்படி ஆறுகிறது என்று ஆராய்ந்தார்கள். தைத்த உட்படலங்கள் தாமாக ஒட்டிக்கொள்வதால் முனை மூடுவதில்லை. சுற்றியிருக்கும் திசு வளர்ந்து அதன்மேல் படர்வதாலேயே மூடுகிறது. இன்று வரை புரைவழிச் சத்திரசிகிச்சை முழுவதும் இந்த ஒரு கண்டுபிடிப்பின் மேல்தான் நிற்கிறது. தையல் தற்காலிகப் பிடிமானம். மூடுவது, இரத்தம் ஓடும் திசு.

அப்படியானால் முனை ஏன் திறக்கிறது? பாதிக் காரணம் அதன் அமைப்பில் இருக்கிறது. மூச்சுக்குழாயின் முன்பக்கம் விறைத்த குருத்தெலும்பு வளையம், பின்பக்கம் மெல்லிய சவ்வு. குருத்தெலும்பு எப்போதும் விரிந்து நிற்கவே முயலும். ஒவ்வொரு இருமலும் உள்ளிருந்து அந்தத் தையலை அழுத்துகிறது. மூச்சுக்குழாய்க்கு உணவூட்டும் நாளங்கள் நூல்போல மெல்லியவை. புற்றுநோய் பரவிய நிணக்கணுக்களைச் சுரண்டி எடுக்கும்போது அவையும் அறுபட்டுவிடலாம். வலது பக்கம் இதனால் கூடுதலாகப் பாதிக்கப்படுகிறது. வலது பிரதான மூச்சுக்குழாய் அகலமானது, குட்டையானது. அதற்கு வரும் நாளம் பெரும்பாலும் ஒன்றே. வெட்டிய பிறகு முனை எந்தத் திசுவின் போர்வையும் இல்லாமல் வெற்றிடத்துக்குள் நிற்கிறது. இடது முனையோ பெருநாடி வளைவின் கீழ் பின்வாங்கி, அங்குள்ள திசுக்களுக்குள் ஒளிந்துகொள்கிறது. வலது நுரையீரலை எடுத்தவர்களிடம் புரைவழி பல மடங்கு அதிகமாகக் காணப்படுவதற்கு இதுவே விளக்கம்.

மறுபாதிக் காரணம் நோயாளியின் உடம்பில் இருக்கிறது. சளியில் காசநோய்க் கிருமி இன்னும் இருக்கும்போதே வெட்டுவது, வெட்டிய இடத்தில் புற்றுநோயின் மிச்சம், முன்பே பெற்ற கதிர்வீச்சு, கட்டுக்கு அடங்காத நீரிழிவு, ஸ்டீரொயிட் மருந்து, சிகிச்சைக்குப் பின் நீண்ட நாள் செயற்கைச் சுவாசம் ஆகியவை எல்லாம் ஆறுதலைத் தடுக்கும். இவற்றுக்கு நிகராக வைக்க வேண்டியது போசாக்கின்மை. இலங்கையின் தோட்டப்புறங்களில் நிறைக்குறைவும் இரத்தச்சோகையும் நகரங்களைவிட அதிகம் என்பது பல பத்தாண்டுகளாகத் தெரிந்த செய்தி. மெலிந்த உடம்பில் புதுத் திசு வளரப் புரதம் இருக்காது. சத்திரசிகிச்சை அவசரமில்லாதபோது, முட்டையும் நெத்தலியும் பருப்பும் கொடுத்துச் சில வாரம் உடம்பைத் தேற்றிவிட்டுக் கத்தி வைப்பது, கையுறையைக் கிருமி நீக்கி அணிவதைப் போலவே சிகிச்சையின் ஒரு பகுதியாகக் கருதப்பட வேண்டும். புகைபிடிப்பதை முன்கூட்டியே நிறுத்துவதும் அப்படியே.

சத்திரசிகிச்சை அறையில் செய்யக்கூடிய தடுப்பு சிலவே, ஆனால் உறுதியானவை. முனையை நீளமாக விடக்கூடாது. விட்டால் அந்தப் பையில் சளி தேங்கி அழுகும். இழுத்துத் தைக்கக்கூடாது. சுற்றுத் திசுவை மூச்சுக்குழாயிலிருந்து அளவுக்கு மீறி உரித்தெடுக்கக்கூடாது. தைத்து முடிந்ததும் நெஞ்சறைக்குள் உப்புநீர் ஊற்றி, மயக்கமருந்து வைத்தியர் உள்ளிருந்து காற்றழுத்தம் கொடுக்க, சைக்கிள் ரியூப்பைத் தண்ணீரில் அமுக்கிப் பார்ப்பது போலக் குமிழி வருகிறதா என்று பார்ப்பார்கள். அபாயம் அதிகமுள்ளவரிடம் அன்றே ஒரு தசைத்துண்டையோ இதய உறையின் கொழுப்பையோ முனைமேல் போர்த்திவிடுவார்கள். ஊசி நூலுக்குப் பதிலாக உலோகக் கொக்கிகளை ஒரே அழுத்தில் பதிக்கும் கருவி சோவியத் நாட்டில் உருவாகி, 1950களில் அங்கே பரவலாகப் பயன்பட்டது. 1958இல் கீவ் நகரில் அது இயங்குவதைக் கண்ட அமெரிக்கச் சத்திரசிகிச்சை நிபுணர் மார்க் ராவிச், லெனின்கிராட்டில் ஒரு கடையிலேயே அதை வாங்கிக்கொண்டு ஊர் திரும்பினார். இன்றைய கொக்கிக் கருவிகள் அந்த வழியில் வந்தவை. கையால் தைத்தாலும் கருவியால் மூடினாலும், கவனமான கைகளில் பலன் ஏறத்தாழ ஒன்றே.

புரைவழி திறந்ததைக் காட்டும் அடையாளம் பெரும்பாலும் ஒரு திடீர் இருமல். அதுவரை சளியின்றி இருந்தவர் மீன் கழுவிய நீர் நிறத்தில், நுரைத்த திரவத்தை நிறைய வெளியேற்றுவார். ஒரு பக்கமாகச் சாய்ந்து படுத்தால் இருமல் கூடும், மறுபக்கம் திரும்பினால் தணியும். காய்ச்சல் வரலாம். கழுத்திலும் நெஞ்சிலும் தோலுக்கடியில் காற்று ஏறி, அமுக்கினால் நறநறவென்று சத்தம் கேட்கலாம். பிந்தி வரும் புரைவழி இன்னும் மௌனமானது: பசியின்மை, மெலிவு, விடாத இலேசான காய்ச்சல், துர்நாற்றச் சளி. காசநோய் திரும்பிவிட்டதோ என்று எண்ணி மாதங்களை வீணாக்கிவிடுவது இங்கேதான் நடக்கிறது.

முதல் மணித்தியாலத்தில் செய்ய வேண்டியது ஒன்று உண்டு; அதற்கு வைத்தியப் பட்டம் தேவையில்லை. சத்திரசிகிச்சை நடந்த பக்கம் கீழே இருக்கும்படி, தலைப்பக்கம் சற்று உயர்த்தி நோயாளியைச் சாய்க்க வேண்டும். அப்போது வெற்றிடத்து நீர் கீழேயே தங்கும், நல்ல நுரையீரலுக்குள் வழியாது. நிமிர்த்திப் படுக்க வைப்பதும், நல்ல பக்கம் கீழே இருக்கச் சாய்ப்பதும் ஆபத்து. தோட்டத்திலிருந்து வளைவுப் பாதையில் இறங்கி இரத்தோட்டை வைத்தியசாலைக்கும், அங்கிருந்து மாத்தளை மாவட்டப் பொது வைத்தியசாலைக்கும், பின் 26 கிலோமீற்றர் தாண்டிக் கண்டிக்கும் போகும் வழி முழுவதும், முச்சக்கர வண்டியோ அம்பியூலன்ஸோ எதுவானாலும், இந்தச் சாய்வு மாறக்கூடாது. நுரையீரல் எடுத்து வீடு திரும்பும் எவருக்கும் வைத்தியசாலை கொடுக்கும் அட்டையில் இந்த ஒரு வரி தமிழிலும் சிங்களத்திலும் எழுதப்பட்டிருக்க வேண்டும்.

வைத்தியசாலையில் முதல் வேலை, விலாக்களுக்கு இடையே ஒரு குழாயைச் செலுத்தி நீரை வெளியேற்றி, நீர்ப்பூட்டுப் போத்தலில் இணைப்பது. போத்தலில் விடாமல் குமிழி எழுந்தால் வழி திறந்திருக்கிறது என்று அர்த்தம். நெஞ்சு எக்ஸ்ரேயில் இன்னொரு சாட்சி கிடைக்கும். முன்பு உயர்ந்துகொண்டே வந்த நீர்மட்டம் ஒன்றரை இரண்டு சென்ரிமீற்றர் இறங்கியிருந்தாலோ, நீர் நிரம்பிய பக்கத்தில் புதிதாய்க் காற்றுத் தெரிந்தாலோ, புரைவழி என்றே கொள்ள வேண்டும். இறங்கிய நீர் எங்கோ போயிருக்கிறது. பழைய எக்ஸ்ரே படங்களை வீட்டில் பத்திரமாக வைத்திருந்து கூடவே கொண்டுபோவது இங்கே பெரும் உதவி; ஒப்பிட ஒன்று இருந்தால்தான் இறக்கம் தெரியும். பிறகு மெல்லிய உள்நோக்கிக் குழாயை மூச்சுக்குழாய்க்குள் விட்டு வெட்டுமுனையை நேரில் பார்ப்பார்கள். திறப்பின் அளவு, முனையின் நீளம், விளிம்பு உயிரோடு சிவந்திருக்கிறதா கறுத்துவிட்டதா, புற்றுநோய் திரும்பியிருக்கிறதா என்ற நான்கும் அப்போது தெரியும். சி.டி. படம் வெற்றிடத்தின் அளவையும் ஒளிந்திருக்கும் சீழ்ப் பைகளையும் காட்டும்.

இனி வரும் முடிவுகள் எல்லாம் ஒரு புரிதலைச் சார்ந்தவை. நோயாளியிடம் உள்ளது ஓட்டை ஒன்று மட்டுமே என்று எண்ணும் சிகிச்சை தோற்கும். ஓட்டை, சீழ், வெற்றிடம் என்று மூன்று சிக்கல்கள் பின்னிக் கிடக்கின்றன. சீழ் இருக்கும் வரை எந்தத் தையலும் நிற்காது. வெற்றிடம் இருக்கும் வரை சீழ் திரும்ப வரும். ஓட்டை இருக்கும் வரை வெற்றிடம் சுத்தமாகாது. எதை முதலில் தொடுவது என்பதைக் காலம் தீர்மானிக்கிறது.

சிகிச்சை முடிந்து முதல் சில நாட்களில் திறந்தால், சீழ் இன்னும் பிடித்திருக்காது. அப்போது காத்திருக்கக் கூடாது. நெஞ்சை மறுபடி திறந்து, கெட்ட விளிம்பைச் சீவி, நல்ல திசு தெரியும் வரை வந்து, மீண்டும் தைத்து, மேலே உயிர்த் தசையைப் போர்த்த வேண்டும். மயக்கமருந்து கொடுப்பவருக்கு இது மிகக் கடினமான தருணம். வழக்கம்போல் அழுத்திக் காற்றுக் கொடுத்தால் அது ஓட்டை வழியே ஓடிவிடும். நீர் நல்ல பக்கத்துக்குத் தெறிக்கும். அதனால் முதலில் குழாய் போட்டு வெற்றிடத்தை வடிக்கிறார்கள். பின்னர் நல்ல நுரையீரலை மட்டும் தனிப்படுத்தும் இரட்டைக் குழாயை உரிய மூச்சுக்குழாய்க்குள் நிறுத்திய பிறகே தசைகளைத் தளர்த்தும் மருந்து போகிறது.

போர்த்துவதற்கு எந்தத் திசு? விலாக்களுக்கு இடைப்பட்ட தசைப்பட்டை அருகிலேயே இருக்கிறது, ஆனால் மெல்லியது. முதுகின் அகன்ற தசை பெரியது. முதல் சத்திரசிகிச்சையில் நெஞ்சைத் திறந்தபோது அது அறுபட்டுப் போயிருக்க வாய்ப்பு அதிகம். விலாப்புறத்துப் பல்வடிவத் தசை பல வேளைகளில் தப்பியிருக்கும், முனைக்கு எட்டும் நீளமும் அதற்கு உண்டு. இவை எல்லாவற்றையும் விடப் பல நிபுணர்கள் விரும்புவது, குடல்களுக்கு முன்னே தொங்கும் கொழுப்புத் திரையை. அதைப் பிரிமென்றகட்டின் ஒரு துளை வழியாக மேலே கொண்டுவந்து முனையைச் சுற்றினால், அதன் நாளங்கள் சில நாட்களில் புதிய இடத்துக்குள் ஊடுருவி இரத்தம் கொண்டுவரும். கிருமியை எதிர்க்கவும் அது வல்லது. துயரம் என்னவென்றால், இந்தச் சிகிச்சை அதிகம் தேவைப்படும் மெலிந்த காசநோயாளியிடம் அந்தத் திரை சிலந்தி வலையாய்த் தேய்ந்து கிடக்கும். உணவு ஊட்டுவது இங்கே சத்திரசிகிச்சையின் மூலப்பொருளையே உண்டாக்குகிறது.

வாரங்கள் கழித்துத் திறந்து சீழ் கட்டிவிட்டால், அவசரப்பட்டு முனையைத் தைப்பது வீண். முதலில் வடிய வழி வேண்டும். குழாய் மட்டும் போதாதபோது, இரண்டு மூன்று விலாத் துண்டுகளை எடுத்து நெஞ்சுச் சுவரில் ஒரு சன்னலே வெட்டிவிடுவார்கள்; தோலின் ஓரத்தை உள்ளே மடித்துத் தைத்து அது மூடாமல் பார்த்துக்கொள்வார்கள். சான் பிரான்சிஸ்கோவின் லியோ எலோசர் 1935இல் காசநோய்ச் சீழுக்காக விவரித்த தோல்மடல் முறை இதன் மூதாதை. மயோ கிளினிக்கின் ஓ. தெரன் கிளாகெட், ஜோசப் ஜெராசி இருவரும் 1963இல் அதன் அடுத்த படியைக் காட்டினார்கள்: சன்னலைத் திறந்து வைத்து, சில வாரங்கள் கிருமிக்கொல்லிக் கரைசலால் கழுவி, சுத்தமான பின் அதே கரைசலால் வெற்றிடத்தை நிரப்பிச் சன்னலைத் தைத்து மூடுவது. ஓட்டையும் உள்ளவரிடம் இது தனியே பலிக்கவில்லை. பின்னாளில் அதே நிறுவனத்தின் பைரொலெரோவும் ஆர்னல்டும், சன்னல் திறந்திருக்கும் காலத்திலேயே முனையைச் சீர்செய்து தசையை அதன்மேல் பதித்துவிடும் படியைச் சேர்த்தபோது பலன் தெளிவாகக் கூடியது.

சன்னலோடு வாழும் மாதங்களைப் பற்றி நூல்கள் ஒரு வரியில் கடந்துவிடுகின்றன. நோயாளிக்கு அதுவே சிகிச்சையின் பெரும்பகுதி. நாளுக்கு ஒருமுறையோ இருமுறையோ உள்ளே திணித்த துணியை எடுத்துவிட்டுப் புதியதைத் திணிக்க வேண்டும். எத்தனை துண்டு போனது, எத்தனை வந்தது என்று எண்ணிக் குறித்துக்கொள்ள வேண்டும். ஒன்று உள்ளே தங்கினால் சீழ் மறுபடி. குளிக்கும்போது தண்ணீர் உள்ளே போகக்கூடாது. போனால் ஓட்டை வழியே நேராக மூச்சுக்குழாய்க்குள் இறங்கும். ஓட்டை பெரிதானால் பேசும்போதும் இருமும்போதும் காற்று சன்னல் வழியே போய்விடும். கையால் கட்டை அமுக்கிக்கொண்டால்தான் குரல் எழும். ஒரே அறையில் குடும்பம் முழுவதும் வாழும் லயனில் இதற்கெல்லாம் இடமும் சுத்தமான நீரும் வேண்டும். தினமும் கண்டிக்குப் போய் வருவது நடக்காத காரியம். இரத்தோட்டை வைத்தியசாலையின் தாதியரே இந்தக் கட்டை மாற்றக் கற்றுக்கொண்டு, வீட்டில் ஒருவருக்கும் கற்றுக்கொடுத்தால், மலையிறங்கும் தூரம் பெருமளவு குறையும். இப்போது காற்றை உறிஞ்சும் பம்ப்புடன் இணைத்த பஞ்சுக் கட்டுகள் சன்னலைச் சீக்கிரம் சுத்தமாக்க உதவுகின்றன. ஆனால் முனை திறந்திருக்கும்போது அதை மூடிப் பாதுகாத்த பின்னரே உறிஞ்சலாம். சூரிச் நகரத்து நிபுணர்கள் சன்னலே வைக்காமல், சில நாட்களுக்கு ஒருமுறை சத்திரசிகிச்சை அறையில் நெஞ்சைத் திறந்து சுரண்டிக் கழுவி, ஓரிரு வாரத்துக்குள் மூடிவிடும் விரைவு முறையை 2001இல் வெளியிட்டார்கள். உடல்பலமுள்ள நோயாளிக்கும் வசதி நிறைந்த வைத்தியசாலைக்கும் அது பொருந்தும்.

சீழ் பிடித்த பக்கத்தை ஏன் தொட வேண்டும் என்ற கேள்வியிலிருந்து பிறந்தது இன்னொரு வழி. மார்பெலும்பை நடுவே பிளந்து, இதய உறையைத் திறந்து, பெருநாடிக்கும் மேற்பெருநாளத்துக்கும் இடைப்பட்ட இடுக்கு வழியாக மூச்சுக்குழாய் கிளை பிரியும் இடத்தை அடைகிறார்கள். அங்கே கிருமி இல்லை, பழைய வடு இல்லை. முனையை அதன் வேரிலேயே வெட்டிப் புதிதாய் மூடிவிடலாம். பாடியும் லின்னும் 1960இலும், இத்தாலியின் அப்ருஸ்ஸினி 1961இலும் இதை விவரித்தார்கள். சோவியத் நாட்டின் லெவ் போகுஷும் அவரைத் தொடர்ந்தவர்களும் காசநோயாளிகளிடம் இதை நிறையச் செய்தார்கள். வெட்டித் தைக்க இடம் இருக்குமளவுக்கு முனை நீளமாக, ஏறத்தாழ ஒன்றிரண்டு சென்ரிமீற்றராவது மிஞ்சியிருந்தால் மட்டுமே இது சாத்தியம். ஓட்டை மூடிய பின்னும் பக்கத்து வெற்றிடத்தின் சீழ் மிச்சமிருக்கும். அதைத் தனியே தீர்க்க வேண்டும். பெருநாளங்களுக்கு நடுவே கைவைக்கும் இந்தச் சிகிச்சை, இதயச் சத்திரசிகிச்சையிலும் பழகிய குழு உள்ள இடத்துக்கே உரியது.

எல்லாம் தோற்றபின் எஞ்சுவது விலா எலும்புகளை எடுத்து நெஞ்சுச் சுவரையே உள்ளே சரியவிட்டு வெற்றிடத்தை ஒழிப்பது. 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் எஸ்ட்லாண்டர், ஷேடே போன்றவர்கள் தொடங்கிவைத்த இந்த முறை, மருந்து வருவதற்கு முந்தைய காசநோய்ச் சிகிச்சையின் தூணாக இருந்தது. தோள் சரியும், முதுகெலும்பு வளையும், கொழுந்துக் கூடையை முதுகில் சுமப்பது சிரமமாகும். ஆனாலும் ஆண்டுக்கணக்கில் சீழ் வடிந்த நெஞ்சை நிரந்தரமாக உலர்த்திவிடும் ஆற்றல் அதற்கு உண்டு. இன்று தசையால் பாதியை நிரப்பி, மீதிக்கு மட்டும் சில விலாக்களை எடுப்பார்கள்.

வெட்டாமல் மூடும் வழிகளும் உண்டு. மூன்று மில்லிமீற்றரைத் தாண்டாத சிறு திறப்பாக இருந்து, விளிம்பு உயிரோடும் சீழ் அடங்கியும் இருந்தால், உள்நோக்கிக் குழாய் வழியாக ஃபைப்ரின் பசையோ சயனோஅக்ரிலேட் பசையோ வைத்து அடைக்கலாம். சில்வர் நைட்ரேட்டால் தொட்டுப் புதுத்திசு வளரத் தூண்டலாம். இதயச் சுவரின் துளையை அடைக்க உருவான இரட்டைத் தட்டுக் கருவிகளைக் கொண்டு பெரிய திறப்புகளையும் அடைத்திருக்கிறார்கள். உலோக வலைக்குழாய்களும் பயன்பட்டிருக்கின்றன. சத்திரசிகிச்சையைத் தாங்காத நோயாளிக்கு இவை வரம். தாங்கக்கூடியவரிடம் இவற்றைத் திரும்பத் திரும்ப முயன்று காலம் கடத்துவது சரியல்ல. பசை கழன்று விழும் ஒவ்வொரு முறையும் நல்ல நுரையீரல் ஒரு தடவை நனைகிறது. மடல் எடுத்த பின் முனையில் அன்றி, நுரையீரலின் வெளிப்புறத்து நுண்கிளைகளில் இருந்து காற்றுக் கசிவது வேறு வகை. அது பெரும்பாலும் குழாய் வடிகாலோடு பொறுத்திருந்தாலே ஆறிவிடும். ஆறாதபோது அந்தக் கிளைக்குள் ஒருவழி வால்வு வைக்கிறார்கள்.

மூடிய முனை உண்மையில் ஆறிவிட்டதா என்று அறிய, சில வாரம் கழித்து உள்நோக்கிக் குழாயால் மறுபடி பார்க்கிறார்கள். காசநோய் காரணமானால், முழு மருந்துக் காலத்தையும் முடித்து, சளியில் கிருமி இல்லை என்று மாத்தளை மார்பு நோய்ச் சிகிச்சை நிலையத்தில் உறுதிசெய்ய வேண்டும். எடை ஏறுகிறதா என்று மாதந்தோறும் நிறுப்பது எளிய அளவுகோல். எடை ஏறாமல் நிற்பது, எக்ஸ்ரேயில் தெரியாத சீழின் முதல் தடயமாகப் பல வேளைகளில் அமைகிறது. புரைவழி ஆறி ஆண்டுகள் கழிந்த பின்னும், அரிதாகச் சிலருக்கு அது மறுபடி திறந்திருக்கிறது. ஆகையால் நுரையீரல் எடுத்தவரின் கோப்பு மூடப்படுவதில்லை. எந்த இருமலுக்கு வைத்தியரிடம் போனாலும், எந்தப் பக்க நுரையீரல், எந்த ஆண்டில், எந்த வைத்தியசாலையில் எடுக்கப்பட்டது என்பதை முதலில் சொல்லிவிட வேண்டும்.